சிவப்பு அம்பு

ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுவில்
உங்கள் பேரையும் சேர்த்திருக்கிறோம் என்று போன் வந்தபோது
செக்கிங் டேபிளில் நின்றிருந்தேன்.
குழந்தைச் சட்டை, நீலம், ஐயாயிரம் உருப்படி.
நான் எட்டாவது ஃபெயிலுங்க என்றேன்.
நாலு வருசம் இங்க வந்து போயிருக்கீங்க,
அது போதும்மா என்றார் டாக்டர் ஜெசிந்தா.

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை.
இருபத்திரண்டு வருசமாக அதுக்குத்தான் சம்பளம்.
துணியை டியூப்லைட்டுக்கு நேரே விரித்தால்
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்
தானாகக் கண்ணில் வந்து உட்காரும்.
பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
தைத்தவளைத் திட்டுவதில்லை.
அம்பைப் பார்த்தால் அவளுக்கே தெரியும்.

இரண்டாவது வியாழன், மூன்று மணி.
மேஜையில் போண்டா, காப்பி.
எங்கள் பக்கம் நாலு பேர்:
கால் விரல் எடுத்த ஊத்துக்குளி நாச்சிமுத்து,
மகனுக்கு மாசாமாசம் ரத்தம் ஏற்றும் ஷாகிதா,
பேசாமல் போண்டா தின்றுகொண்டிருந்த
ரிட்டயர்டு கண்டக்டர் ஒருத்தர்,
நான்.

சுவரில் படம் போட்டார்கள்.
நோயாளிகள் திருப்தி, நூற்றுக்கு எண்பத்தேழு.
கைதட்டச் சொல்வார்களோ என்று பார்த்தேன்.
நூறு உருப்படியில் பதிமூணு ரிஜெக்ட் என்றால்
எங்கள் கம்பெனியில் பையர்
அன்றைக்கே பிளேன் ஏறிவிடுவான்.

ஷாகிதாதான் முதலில் வாய் திறந்தாள்.
டோக்கன் நம்பர் கூப்புடறது ஃபேன் சத்தத்துல கேக்கறதில்லீங்.
அப்புறம் நாச்சிமுத்து.
கக்கூஸ் கதவு உள்ளாண்ட தொறக்குதுங்க,
ஊனுகோலோட போனாச் சாத்த முடியறதில்லீங்.
நான் சொன்னேன்:
மூணாவது ஷிப்டு டயாலிசிஸ் முடிய ஒம்பதே காலு.
குண்டடத்துக்குக் கடைசி பஸ் ஒம்பது.
எங்க ஊட்டுக்காரரு கடைசி அரைமணி
மிசினைப் பாக்க மாட்டாருங்க, கடியாரத்தைப் பாப்பாரு.
ஒரு நா, கழட்டி உடச் சொல்லு புள்ளேன்னாரு.

பஸ் நேரத்தை நாங்க எப்படிம்மா மாத்தறது
என்றார் டை கட்டிய நிர்வாகி.
கண்டக்டர் போண்டாவைக் கீழே வைத்தார்.
பஸ்ஸை உடுங்க.
தூரத்து ஆளுகளை ரெண்டாவது ஷிப்டுல போடுங்க.

அது நடந்தது.
ஆனால் நான் சொல்ல நினைத்தது அதுவல்ல.
மூன்றாவது கூட்டத்தில்தான் அது வாயில் வந்தது.

என் சென்னியப்பன் போன சேதியை
எனக்குச் சொன்ன இடம் தண்ணீர்க் குழாய்.
அவருக்குத்தான் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.
சின்னப் பையன் டாக்டர்.
என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்,
அதில் நான் அம்பு ஒட்ட மாட்டேன்.
பின்னால் காலி பாட்டிலோடு ஏழு பேர்.
என் பாட்டில் நிரம்பி வழிந்து கை சுட்டது.
சித்த நவுருங்கக்கா என்றாள் ஒருத்தி.
அவளுக்கென்ன தெரியும்.
நவுந்தேன்.
மூடியைத் திருகி மூடினேன்.
அழுகிறதுக்கு முன்னால் நான் செய்த வேலை அது.

ஒரு ரூம் வேணுமுங்க.
கதவு இருக்கோணும். ரெண்டு சேர் இருக்கோணும்.

டை கட்டியவர் பேனாவை மூடிவிட்டு
மறுபடி திறந்து எழுதினார்:
பரிசீலிக்கப்படும்.

ஆடி போய், புரட்டாசி போய், ஐப்பசியில்
மாடிப்படிக்கு அடியில் பச்சைக் கதவு ஒன்று வந்தது.
வேலைக்கு அரை நாள் லீவு போட்டுப் பார்க்கப் போனேன்.
உள்ளே குளுக்கோஸ் அட்டைப்பெட்டி கூரை வரைக்கும்.
சேர் ரெண்டும் இருந்தன.
ரெண்டின் மேலும் பெட்டி.

ஸ்டிக்கர் தாள் எப்போதும் என் பையில் கிடக்கும்.
ஒன்றை உரித்து
கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த
சிஸ்டர் மெஹருன்னிசா
அம்பைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

இன்னும் இருக்குதாக்கா? என்றாள்.
நாலஞ்சு குடுங்க.
எங்களுக்கும் ஒட்டறதுக்கு எடமிருக்குது.

தாளில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன்.